மணமாகாதவர் என்று போட முடியாது

டிசம்பர் முப்பதாம் தேதி டாலஸ் நீதிமன்றத்தில் நிராஜனும் ரோஜினாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். நவம்பரில் ரோஜினாவுக்கு வேலை போயிருந்தது. இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் காட்மாண்டுவுக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் நிராஜனின் மனைவி என்று அவனுடைய விசாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூன்று வருஷமாகப் பழகியவர்கள்தான். ஆனால் அவன் பாகுன் என்ற பிராமணச் சாதி, அவள் நேவார் இனம். நேபாளத்தில் புட்வலில் இருந்த அவன் வீட்டுக்கு விஷயம் தெரியாது. அம்மா வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் ரோஜினா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள்.

ஏப்ரலில் வருமான வரிக் கணக்கு போட பபித்ரா அக்காவிடம் போனார்கள். டாலஸை ஒட்டிய இர்விங்கில் பாதி நேபாளிகளுக்கு அவள்தான் கணக்குப் போடுகிறவள். போன வருஷம் மாதிரியே மணமாகாதவர் என்று போடச் சொன்னான் நிராஜன்.

"டிசம்பர் முப்பத்தொண்ணாந்தேதி நீ யாரோ, வருஷம் முழுக்க அதுதான் தம்பி," என்றாள் அக்கா. "சேர்ந்து போடலாம், தனித்தனியாவும் போடலாம். கல்யாணமே ஆகலன்னு போட முடியாது."

அப்படியானால் தனித்தனியாகவே போடுங்கள் என்றான். அதிலும் பொண்டாட்டி பேரை எழுதத்தான் வேண்டும் என்றாள் அக்கா; வரியும் அதிகமாகும். நிராஜன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். ஊரிலிருக்கும் தம்பியின் மாணவர் விசாவுக்கு அவன்தான் ஜாமீன். அதற்குக் காட்ட இந்த வருஷக் கணக்கின் நகலை அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் அவ பேரை விட்டுடுங்கக்கா."

மனைவி விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லாமல் நாலு மாதமாக வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் ரோஜினாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"விசாவுக்கு நான் பொண்டாட்டி. வரிக்கு மட்டும் யாரோவா?" என்றாள். குரல் உயரவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, "அவரு என்ன சொல்றாரோ போட்டுக்குங்க. எனக்குத் தூக்கம் வருது," என்றாள்.

அக்கா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். நிராஜன் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பூஜைக்குப் பூ பறித்துக்கொண்டிருந்தாள் அம்மா. கல்யாணத்தையும், அது வரிக் கணக்கில் வரப்போவதையும் அவன் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான்.

"எந்த ஊரு பொண்ணு?" என்று கேட்டாள் அம்மா.

சொன்னான். சாதி தெரியும்படி குடும்பப் பெயரையும் சொன்னான்.

"அப்பாகிட்ட இப்பச் சொல்லாத. தம்பி விசா வரட்டும். அந்தக் கணக்குக் காகிதத்தை எனக்கு அனுப்பு, நான் பார்த்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "என்கிட்டயாவது முன்னாடி சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறைக்கிறவர்களில் இன்னும் ஓர் ஆள் கூடியதுதான் மிச்சம் என்று நிராஜனுக்குத் தோன்றியது. ஆனாலும் உள்ளே வந்து, சேர்ந்தே போடச் சொன்னான். அம்மா பேசியதை ரோஜினாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"திட்டலயா?"

"இல்ல."

"திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். இனிமே மறைக்க வேண்டியிருக்காது," என்றாள் ரோஜினா. அக்கா நீட்டிய பேனாவை வாங்கி, அவன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.