அம்மா பெயரில் ஒரு காட்டுப்பூ

அக்கா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. தங்கைக்கு வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷின். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா மூன்று வருஷமும் தங்கையிடம்தான் கிடந்தாள். போன் போட்டால், "பரீட்சை நேரம்டி, லீவு கிடைக்காது" என்பாள் அக்கா. பரீட்சை வருஷம் முழுக்க நடந்தது.

ஒருநாள் அம்மா தூங்கிய நேரம் பார்த்துத் தங்கை பழைய கல்குவாரிப் பக்கம் காலாற நடந்தாள். மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது. பாறை இடுக்கில் இலையே இல்லாமல் ஒரு தண்டு, நுனியில் வெளிர்மஞ்சளாய் ஆறிதழ்ப் பூ. மண்ணைக் கிளறினால் வெங்காயம் மாதிரி கிழங்கு. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள், சும்மாதான்.

மறுநாள் காலையிலேயே அக்கா வாசலில் நின்றாள்.

"எங்கடி பார்த்த? இது புதுசுடி! இதுக்கு இன்னும் பேரே கிடையாது!"

கட்டிலிலிருந்து அம்மா கையை நீட்டினாள். "பெரியவளா? வந்துட்டியா?"

"இதோ வந்துடறேம்மா."

செருப்பைக்கூடக் கழற்றாமல் போனவள், குவாரியிலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டாள். கிழங்கு வாடிவிடுமாம், போனில் சொன்னாள்.

இரண்டு மாதத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு வந்த அக்கா அன்றைக்கே திரும்பினாள்.

மறுவருஷம் கல்லூரியில் விழா. பூவுக்கு அம்மாவின் பெயர் வைத்திருந்தார்கள்.

"எங்கம்மாவுக்குப் பூன்னா உயிர். என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அவங்க காட்டின பூ இது" என்று மேடையில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசி வரிசையில் தங்கை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூ வாசம் பட்டாலே அம்மாவுக்கு அடுக்குத் தும்மல் வரும்.

கூட்டம் கலைந்ததும் அக்காவை மறித்தாள்.

"அம்மாவுக்குப் பூன்னா உயிரா?"

"மேடையில ஏதாவது சொல்லணுமேடி."

"அன்னிக்கு நீ போனப்புறம் மூணு நாள் அம்மா சரியாவே சாப்பிடல. 'இதோ வரேன்னாளே'ன்னு வாசலையே பார்த்துட்டுக் கிடந்தா."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "பேரு ஆராய்ச்சிப் பத்திரிகையில அச்சாயிடுச்சு. இனிமே யாராலயும் மாத்த முடியாது" என்றாள்.

"அம்மா பேரையா கேட்டா? உன்னைத்தானே கேட்டா."

அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

அடுத்த மழைக்கு, எங்கிருந்தோ வந்த மூன்று பேர் தங்கையின் கதவைத் தட்டினார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லி, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்கள்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க" என்று கதவைச் சாத்தினாள்.