விசிறியை நிறுத்துகிறவன்

சபையில் ஆளுக்கொரு வரம் உண்டு என்று கண்டுபிடித்தவர் எங்கள் புதிய பாஸ்டர். ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார். நிற்பவருக்கு என்ன வரம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். தையல்காரம்மாவுக்கு உபசரிக்கிற வரம். வாத்தியாருக்குப் போதிக்கிற வரம். நான் எழுந்து நின்றேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தையல்காரம்மாதான், "மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாரு பாஸ்டர். ஈவு இரக்கமே பார்க்க மாட்டாரு" என்றாள். சபையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் என் மனைவி.

பாஸ்டர் சிரிக்கவில்லை. "அதுவும் வரம்தான். வியாதிக்காரங்களப் பார்க்கப் போற குழுவில ஐயா இருக்கட்டும்" என்றார்.

எனக்கு அப்போதே சந்தேகம். நான் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவன், படிப்பு கையெழுத்தோடு சரி. யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். சூட்சுமம் சீக்கிரமே புரிந்தது. பாஸ்டருக்கு வாய் வராது. சாகக் கிடப்பவன் தலைமாட்டில் நின்று, கர்த்தர் எழுப்புவார் என்று ஜெபிப்பார். படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். டாக்டர் குடும்பத்திடம் சொல்வார், குடும்பம் பாஸ்டரிடம் சொல்லும். படுத்திருக்கிறவன் மட்டும் அடுத்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான்.

அவனிடம் உண்மையைச் சொல்கிற வேலையைத்தான் என் தலையில் கட்டினார்கள்.

நான் அதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். மற்றவர்களை வெளியே அனுப்புவேன். நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுப்பேன். மின்விசிறியை நிறுத்துவேன். அது சுற்றினால் பாதி காதில் விழாது. "என்ன?" என்பார்கள். திரும்பச் சொல்ல வேண்டி வரும். அது பாவம். ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பேன். ஒருவர் தண்ணீர்க் குவளையை என் மேல் எறிந்தார். எறிந்துவிட்டு, விரட்டிவிட்ட மகனைக் கூப்பிடச் சொன்னார்.

எனக்குத் 'தந்தி' என்று பெயர் வந்துவிட்டது. சளிக்காய்ச்சலில் கிடந்த பால்காரரைச் சும்மா பார்க்கப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஐயோ, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அலறினார். அவர் மனைவி ஓடிவந்து சுவரோடு ஒட்டி நின்றாள். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சுவிட்சுப் பக்கம் மட்டும் வராதீங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பேசாம மருந்துக்கடை வைங்க. உங்களக் கண்டாலே காய்ச்சல் ஓடிடும்."

வயிற்றைப் பிடித்தது சிரிப்பால் மட்டும் இல்லை. அது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் மகளையும் தாழ்வாரத்துக்கு அழைத்தார். வயிற்றில் புற்று, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, அறுத்துப் பயனில்லை, இனி சில வாரங்கள்தான் என்றார்.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. உங்க கால்ல விழறேன்" என்றாள் மகள்.

பாஸ்டரும் வந்திருந்தார். "இந்த ஒரு தடவை பொறுத்துக்கங்க ஐயா. சபையே உபவாசம் இருக்கு. தெரிஞ்சா அவங்க விசுவாசம் தளர்ந்துடும்."

"அடுத்தவன் பொண்டாட்டிக்குச் சொன்னா வரம். என் பொண்டாட்டிக்குச் சொன்னா குத்தமா?"

நான் வீறாப்பாகக் கேட்டேனே தவிர, என் கால் நகரவில்லை. மகள் பேச்சைக் கேட்டுவிட்டால் என்ன என்றுகூட இருந்தது.

ஆனால் என் மனைவியின் அக்கா விஷயம் உறுத்தியது. மாமியார் சாகக் கிடந்தபோது அந்த அக்கா, "அம்மா நல்லாத்தான் இருக்கா, நீ பதறாத" என்று இவளிடம் மறைத்துவிட்டாள். இவள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். சாவு வீட்டிலேயே அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அன்றோடு பேச்சு அற்றது. "உடம்பு தேறட்டும், நானே அவ வீட்டுக்குப் போறேன்" என்று முந்தின நாள்தான் என்னிடம் சொன்னாள்.

தேறப் போவதில்லை. அவளுக்கு மட்டும் அது தெரியாது.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நாற்காலியை இழுத்தேன். கை பழக்கத்தில் சுவர்ப்பக்கம் போயிற்று.

"விசிறிய நிறுத்தாதீங்க" என்றாள்.

கை அப்படியே நின்றது.

"ஏங்க, வேர்க்குது. ஓடட்டும். அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். குரல் எழும்பவில்லை போலிருக்கிறது.

"என்ன? கேக்கல."

இரண்டாம் தடவையும் சொன்னேன். அதுவரை யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். சுவரைப் பார்த்தபடியே, "பாவி மனுஷா, பொண்டாட்டிக்காகக்கூட ஒரு பொய் வராதா உங்க வாயில?" என்றாள். பிறகு, "அக்காவ வரச்சொல்லுங்க."

அக்கா மறுநாளே வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு முதலில் இருவரும் கத்தினார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பிறகு அழுகை கேட்டது. அதற்கும் பிறகு என் மனைவியின் சிரிப்பு கேட்டது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன்.

அதன்பின் அவள் அக்காவோடும் மகளோடும் பேசினாள். நான் தலைமாட்டுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். என் முகத்தைப் பார்த்தால் அந்த வார்த்தைதான் கேட்கிறதாம். அக்காதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாற்காலியைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டேன். கடைசியில் அக்கா கையைப் பிடித்திருந்தாள், நான் பாதத்தைப் பிடித்திருந்தேன்.

அடக்கம் முடிந்து பாஸ்டர் என் வரத்தைப் பற்றி ஏதோ பேச வாயெடுத்தார்.

"கடைசிவரைக்கும் அவ என் மூஞ்சியப் பார்க்கல பாஸ்டர்" என்றேன்.

கொஞ்ச நாளில் வாத்தியார் படுத்துவிட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று அவர் மகன் வந்து என் வாசலில் நின்றான். வரமுடியாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் போகாமல் நின்றான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கிச் சுவிட்சைக் காட்டினார்.