கையுறைக்குள்ள ஒரு கட்டு

கோப்பையை நாங்கதான் ஜெயிச்சோம். அதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா, ‘ஜெயிச்ச பிறகும் ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே’ன்னு விஸ்கான்சின்ல பாதி பேர் என்னைக் கேட்டாச்சு.

நான் கோல்கீப்பர். போன வருஷம் காலேஜ் பொண்ணுங்க ஃபுட்பால் ஃபைனல் பெனால்டி வரைக்கும் போச்சு. ஒவ்வொரு பந்துக்கும் தப்பான பக்கமாவே பாய்ஞ்சேன், தோத்தோம். அன்னிலேர்ந்து எனக்கு ஒரே வெறி. இன்னொரு ஃபைனல், இன்னொரு பெனால்டி, அந்தக் கம்பத்துக்கு நடுவுல நான் நிக்கணும். இது என் கடைசி வருஷம். விட்டா அவ்வளவுதான். இது எங்க கேப்டன் மாரெனுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். காலேஜ்ல சேர்ந்த நாள்லேர்ந்து ஒரே ரூம்.

செமிஃபைனலுக்கு முந்தின பயிற்சியில இடது கையில ரெண்டு விரல் மடங்கி வீங்கிடுச்சு. டீம் டாக்டர் பார்த்தா பெஞ்சுல உக்கார வச்சிடுவாங்க. அதனால தினம் காலையில மாரென் என் கட்டில்ல உக்காந்து, சூயிங்கம் மென்னுக்கிட்டே ரெண்டு விரலையும் சேர்த்து டேப் சுத்துவா. மேல கையுறை போட்டா ஒண்ணும் தெரியாது.

“யார்கிட்டயும் மூச்சு விடாதடி.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன். கையை நீட்டு.”

நம்பினேன். நம்பாம? செப்டம்பர்ல அவளுக்குத் தலையில அடிபட்டு வாந்தி எடுத்தப்ப, ‘நல்லாத்தான் இருக்கா’ன்னு டாக்டர்கிட்ட புளுகினவ நான்தானே.

ஃபைனல் கரோலினாவுல, அன்னிக்கு நல்ல குளிர். எங்க ஊர் ஜனம் கம்பளியைப் போத்திக்கிட்டு மாட்டு மணியை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்பா மாடு கறக்க ஆளைப் போட்டுட்டு விஸ்கான்சின்லேர்ந்து அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். ஆளுக்கு ஒரு கோல். கூடுதல் நேரமும் முடிஞ்சுது. பந்து பட்ட ஒவ்வொரு தடவையும் விரல்ல உயிர் போச்சு, ஆனா விடல. விசில் ஊதினாங்க, பெனால்டி. மத்தவளுங்க மூஞ்சியெல்லாம் வெளிறிப்போச்சு. எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கல.

கோச் ஹோல்ட் வந்தாங்க. “ரோவன், பிரமாதமா ஆடினே. இனிமே டேட்டம் நிக்கட்டும்.”

டேட்டம் முதல் வருஷப் பொண்ணு. சீசன் முழுக்க பெஞ்சுலயே இருந்தவ.

“விளையாடறீங்களா கோச்?”

“கையுறையைக் கழட்டு, பார்ப்போம்.”

திரும்பிப் பார்த்தேன். மாரென் குனிஞ்சு, ஏற்கெனவே கட்டின லேஸைத் திரும்பக் கட்டிக்கிட்டு இருந்தா.

“எப்ப சொன்னா?”

“நேத்தே.”

நேத்தே. அப்போ இன்னிக்குக் காலையில ‘ரெண்டு பந்தாவது தடுத்துடுவே பாரு’ன்னு சிரிச்சுக்கிட்டே கட்டு போட்டாளே, அது என்ன?

“தெரிஞ்சும் இவ்வளவு நேரம் ஆட விட்டீங்களே?”

“ஆட்டத்துக்கு நீதான் வேணும். பெனால்டிக்கு ரெண்டு கையும் வேணும்.” டேட்டம் அதுக்குள்ள கையுறை மாட்டிக்கிட்டு நின்னா. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. தெரியாத கழுதை நான் ஒருத்திதான்.

டேட்டம் ரெண்டு பந்தைத் தடுத்தா, ஜெயிச்சோம். கேமரா இருக்கேன்னு நானும் குதிச்சேன். மேல கேலரியில அப்பா மணியை ஆட்டல, என்னையே பார்த்துக்கிட்டு நின்னார்.

டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள மாரென் பக்கத்துல வந்து உக்காந்தா. “திட்டுடி ரோ. ஆனா ஜெயிச்சோம்ல?”

“காலையில வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“சொல்லியிருந்தா உடைஞ்சு போயிருப்பே. இவ்வளவு நல்லா ஆடியிருக்க மாட்டே.”

“உனக்காக நான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்டி.”

கத்திரியை எடுத்தா. வீக்கத்துல டேப் இறுகி விரல் நீலம் பாரிச்சிருந்துச்சு.

“கையை நீட்டு”ன்னா, எப்பவும் போல.

நீட்டல. அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து பல்லால கடிச்சு இழுத்தேன். நல்லாத்தான் கட்டியிருந்தா பாவி, லேசுல பிரியல.