ஏழாம் வருடப் புரட்சி

காலை பத்தரை மணிக்குள் மூன்று முறை ஆட்சி கவிழ்ந்துவிட்டது. மூன்று முறையும் ஏழாம் வருடத்தில்தான்.

"மறுபடியுமா?" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

திரையில் ஒரு குட்டித் தீவு. அதன் அரண்மனையை ராணுவம் வளைத்திருந்தது. தங்கப் பொத்தான் சட்டை போட்ட அதிபர், தன் சிலையின் தலையை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு மீன்பிடிப் படகில் தப்பிக்கொண்டிருந்தார்.

மாமா என்றால், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுடைய அக்கா புருஷன். டயர் கடைக்கு மேல் மாடியில் நாலு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக இந்த விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். விளையாடுபவர்தான் அதிபர். துறைமுகம் கட்டலாம், தொழிற்சாலை கட்டலாம், தேர்தலில் தில்லுமுல்லு செய்யலாம், தெருவுக்குத் தெரு தனக்கே சிலை வைத்துக்கொள்ளலாம். பிடித்துப்போனால் இதை வெளியிடவிருக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் மூன்று மணிக்குப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அவளுக்கும் அன்றுதான் கெடு. "உங்க அக்கா சொன்னாளேன்னு மூணு மாசம் சேர்த்துக்கிறேன். ஆடிப் பார்த்து தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை. உருப்படியா ஒண்ணு கண்டுபிடிச்சா நிரந்தரம். இல்லேன்னா பழைய கிளினிக்குக்கே போயிடும்மா" என்று சொல்லித்தான் சேர்த்திருந்தார். கிளினிக் வாசலில் ஐந்து வருடம் டோக்கன் கொடுத்தவள் அவள். ஆபீசில் அவள் பெயரே டோக்கன் என்றாகிவிட்டது.

"ராணுவத்தோட கோபத்தைப் பாதியா குறைச்சுடுறேன். புரட்சி எப்படி வரும்னு பார்க்கலாம்" என்றார் மாமா.

"காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரை உடைப்பீங்களா மாமா?"

"அப்ப நீயே வைத்தியம் பாரு, டாக்டரம்மா! மதியம் வரைக்கும் டைம்."

"தாராளமா போதும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மாமா எப்போதும் வானத்திலிருந்து பார்த்துத்தான் ஆடுவார். அவள் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டாள். மீன் டப்பா தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு மஞ்சள் தொப்பிக்காரர். அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனாள். முதல் வருடம் வேலை, வீடு, வேலை. மூன்றாம் வருடம் பாதி வேலையில் நழுவினார். ஐந்தாம் வருடம் தொழிற்சாலைப் பக்கமே தலை காட்டவில்லை. தீவின் குறுக்கே நடந்து, அரண்மனைக்குப் பின்புறம் போய் நின்றார்.

அங்கே ஒரு வரிசை. சிலைகளைச் சுற்றி, துறைமுகத்தைத் தாண்டி, படகுத்துறை வரை நீண்டிருந்தது. பாதிப் பேர் சிப்பாய்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். இடுப்பு வரை முடி!

வரிசையின் முனையில் ஒரு பெட்டிக்கடை அளவுக்கு சலூன்.

"மாமா, நம்ம தீவுல எத்தனை பேரு?"

"ஆயிரத்து இருநூறு."

"சலூன்?"

"சலூனா? சலூன் எதுக்கு?"

மூலையில் ஓவியர் இருமினார். படம் வரைவதோடு சில்லறை வேலைகளும் பார்ப்பவர். குடுமி போட்டிருப்பார்.

"நான்தான் சார்... போன மாசம், சும்மா தமாஷுக்கு. ஜனங்களுக்கு முடி வளர்ற மாதிரி வெச்சேன். வளர்ந்தா வெட்டணும்ல? அதான் ஒரு கடை. வேணும்னா இன்னும் கட்டிக்கலாம். பட்டியல்ல சிலைகளுக்குக் கீழே கடைசியில இருக்கு."

"உன் தலை கத்திரியைப் பார்த்து வருஷம் நாலாச்சு. நீ ஊருக்கு சலூன் கட்டினியா?" என்று மாமா சீறினார்.

"புரட்சியும் போன மாசம்தான் ஆரம்பிச்சுது" என்றாள் டோக்கன். "எல்லாரும் வரிசையில நின்னா தொழிற்சாலை எப்படி ஓடும்? சரக்கு இல்லேன்னா கப்பல் வராது, சாப்பாடு வராது. பசியோட வரிசையில நிக்கிறவனுக்குக் கோபம் வராம என்ன செய்யும்? வரிசை தீவையே விழுங்க ஏழு வருஷம் ஆகுது. அவ்வளவுதான்."

"முதல்ல அந்த முடியை எடு!"

"நாலு மணி நேரமாவது ஆகும் சார்..."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெளியீட்டு அம்மாள் மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார். மாமாவின் முகம் வெளிறியது.

"நகருங்க மாமா. நான் ஆடுறேன்" என்றாள் டோக்கன், மெதுவாக. "வரிசையைப் பிரிச்சு விடுறதுதானே? அஞ்சு வருஷம் அதைத்தானே செஞ்சேன்!"

சிலை வைப்பதற்கு முன்பே மூன்று சலூன் கட்டினாள். துறைமுகத்தில் ஒன்று, தொழிற்சாலை வாசலில் ஒன்று, ராணுவ முகாமை ஒட்டி ஒன்று. ஏழாம் வருடம் வந்தது. ராணுவம் அரண்மனைக்கு அணிவகுத்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். தளபதி தொப்பியைக் கழற்றினார். பளபளவென்று ஒட்ட வெட்டிய தலை. சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா துறைமுகம், தேர்தல் எல்லாம் மத்தவங்களும் வெச்சிருக்காங்களே. ஆமா, நீ ஏன் எடுத்ததும் சலூனா கட்டினே?"

மாமா மேசைக்கடியில் அவள் காலை உதைத்தார்.

"கட்டாம ஆடிப் பாருங்களேன் மேடம்" என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

அம்மாள் உட்கார்ந்தார். வரிசையாகச் சிலை வைத்தார். ஏழாம் வருடம் முழங்கால் வரை முடி வளர்த்த ராணுவம் ஓடி வந்தது. முன்னால் ஓடியவர் தன் முடியைத் தானே மிதித்து விழ, அவர் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். அம்மாளின் கண்ணாடி கழன்று மடியில் விழுகிற அளவுக்குச் சிரிப்பு.

"இந்த முடியை மட்டும் யாரும் தொடக்கூடாது! இதுக்காகவே எடுத்துக்கிறோம்" என்றவர், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் சிலைதான்.

ஓவியர் குடுமியைத் தடவிக்கொண்டார்.

"சலூன் சூட்சுமத்தைக் கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணா?" என்று திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார் அம்மாள்.

"என் மச்சினி மேடம். இங்கே நிரந்தரமா வேலை பார்க்குறா" என்றார் மாமா.

"எப்பலேர்ந்து மாமா?"

"காலைல பத்தரையிலேர்ந்து."

"ஷ்! பேசாதீங்க, ராணுவம் வருது" என்றார் அம்மாள்.