உயிர்ப்பதிவேடு

செத்து மூன்று வருடம் எட்டு மாதம் ஆன வீரமணிக்கு நேர்காணலுக்கான அழைப்புக் கடிதம் ஆவணி பதினோராம் தேதி வந்தது. பன்னிரண்டாம் தேதி விடியற்காலை அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தியாகதுருகத்துக்குத் தெற்கே அந்தக் காலனியில் இருக்கிற நாற்பத்தாறு வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். புதைத்தபோது உடுத்திவிட்ட வேட்டியோடு, தலைமுடியில் இரண்டு கரும்புச் சோகை சிக்கியிருக்க, ஏரிக்கரை வழியாக நடந்து வந்தான். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். இன்ன தேதி, இன்ன நேரம், அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும் என்று சர்க்கார் எழுதியிருக்கும்போது ஆள் வராமல் இருந்தால்தான் தப்பு என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் அம்மா தைலம்மாள் களையெடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, "தல பூரா சோகையா கெடக்குது பாரு, குனி" என்று தட்டிவிட்டாள். அழுததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உயிரோடு இருந்த காலத்தில் வீரமணி அறுபத்தொரு விண்ணப்பம் போட்டவன். கறுப்பு மைப் பேனாவால் மட்டும் நிரப்பவும் என்று போட்டிருந்தால் அதற்கென்று ஒரு பேனா, நீல மை என்றால் அதற்கொரு பேனா என்று தனித்தனியாக வைத்திருந்தான். சுயமுகவரி எழுதிய உறையில் தபால்தலை ஒட்டும்போது நாக்கால் நனைக்க மாட்டான், தண்ணீர் தொட்டுத்தான் ஒட்டுவான். பதினொரு இடங்களிலிருந்து கூப்பிட்டார்கள். பதினொரு இடங்களிலும் முதல் கேள்வி உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான். தன் பேர், அப்பா பேர், படிப்பு, இந்த மூன்றையும் சொல்லி முடித்தால் அவனுக்கு வாய் அடைத்துப்போகும். பன்னிரண்டு வயதிலிருந்து கரும்பு வெட்டியது, கிணற்றில் தூர் வாரியது, செங்கல் சூளையில் மண் மிதித்தது எல்லாம் ஃபேன் ஓடுகிற அறையில் சொல்லத்தக்க விஷயம் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. பன்னிரண்டாவது அழைப்பு வருவதற்குள் ஒரு மார்கழி மாதம், மணலூர்பேட்டைப் பக்கம் வாய்க்கால் மதகில் கரும்பு டிராக்டர் சாய்ந்தது. பாரத்தின் மேல் உட்கார்ந்து வந்த நான்கு பேரில் மூன்று பேர் குதித்துவிட்டார்கள். இருபத்தைந்து வயதில் அவன் கதை முடிந்தது.

முடிந்துதான் இருக்கும். ஆனால் அவன் செத்து ஒன்றரை வருடம் கழித்து, அவனுடைய வேலைவாய்ப்பு அலுவலக அட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் தைலம்மாள் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ராதிகாவிடம் எடுத்துப்போனாள். ராதிகாவுக்கு ஆள் செத்தது தெரியாது. எண்ணைத் தட்டிவிட்டு, திரையில் இருந்ததைப் படித்தாள்.

"உயிர்ப்பதிவேட்டுல பேரு இருக்குது பெரிம்மா. ஆனா இந்த மாசத்துக்குள்ள புதுப்பிக்கலன்னா எடுத்துருவாங்க."

"எந்தப் பதிவேட்டுல பாப்பா?"

"உயிர்ப்பதிவேடு."

தைலம்மாள் இன்னொரு தபா கேட்டாள். ராதிகா இன்னொரு தபா சொன்னாள். வேலைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலுக்குச் சர்க்கார் வைத்திருக்கிற பேர் அது. அவ்வளவுதான் அர்த்தம். தைலம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவள். சொல்லை அது சொல்கிறபடியே எடுத்துக்கொண்டாள். எங்கோ ஒரு ஆபீசில் ஒரு நோட்டு இருக்கிறது, அதில் இன்னும் தன் மகனுக்கு உயிர் இருக்கிறது. "புதுப்பிச்சிடும்மா" என்றாள். வீட்டுக்கு வந்து புருஷன் முனியனிடம் சொன்னபோது அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே, "உசுரோட இருக்கறப்ப வாணாம்னு சொன்னவனுங்க, செத்தப்பறம் நோட்டுல வச்சிக்கினு இன்னா பண்ணப்போறானுங்க" என்றான். அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்றுதான் ஊரும் அந்த ஆவணி மாதம் வரைக்கும் நினைத்தது.

நேர்காணலுக்கு எட்டு நாள் இருந்தது. வெள்ளிமலையில் மலைப்பயிர் அலுவலகம் ஒன்றில் அலுவலக உதவியாளர் வேலை. எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும், மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். புதுப் புகைப்படம் எடுக்கப் போனார்கள். ஸ்டூடியோக்காரன் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா என்று கேட்க வந்தவன், பார்த்துவிட்டு வேண்டியதில்லை என்றான். வீரமணி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான், ஆனால் தட்டில் போட்டது குறையவில்லை. கை மட்டும் கிணற்று உறைபோல் ஜில்லென்றிருந்தது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. சாயங்காலங்களில் தைலம்மாள் கவிழ்த்துப்போட்ட அண்டாமேல் அதிகாரியாக உட்கார்ந்து கேள்வி கேட்டாள்.

"உன்னப் பத்தி சொல்லுப்பா."

"பேரு வீரமணி. அப்பா பேரு முனியன். பி.ஏ. படிச்சிருக்கேன்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, செத்துப்பூட்டேன்."

"அத நீயா சொல்லாத. கேட்டா மட்டும் சொல்லு. கேட்டா பொய் சொல்லக்கூடாது."

மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்த முனியன் தலையைத் தூக்கி, "அதிகாரியப் பாத்தா கொஞ்சம் சிரிடா. செத்தவனாட்டம் நிக்காத" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று வருடம் எட்டு மாதமாகச் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வேலைக்கு எண்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். வெயிலில் எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வீரமணியின் சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. செத்தவனுக்கு வேர்க்காது என்பது நேர்காணலில் பெரிய வசதி. மைதானத்தில் சைக்கிளை ஒரு சுற்று ஓட்டினான், மண்ணில் டயர் தடம் விழவில்லை. அதைப் பார்ப்பது யார் வேலையும் இல்லை. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, கடைசி நாலு வருசமா இன்னா பண்ணீங்க என்று கேட்டார். "சும்மாதான் இருந்தேன் சார்" என்றான். காலையிலிருந்து வந்த முக்கால்வாசிப் பேர் அதையே சொல்லியிருந்ததால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மலையில் போய் இருப்பீங்களா என்று மட்டும் கேட்டார். எங்க வேணா இருப்பேன் சார் என்றான். அவனுக்கு முன்னால் இருந்த ஐந்து பேர் சமவெளியில் தந்தால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டதால் ஆணை அவன் பேருக்கு வந்தது. உடல்தகுதிச் சான்றிதழுக்குப் போனபோது வரிசையில் நூற்றுப்பத்துப் பேர். மருத்துவர் குழாயை அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டு, தகுதி என்று எழுதினார்.

இனிப்புப் பொட்டலத்தோடு தைலம்மாள் ராதிகாவைப் பார்க்கப் போனாள். ராதிகா ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு, "இனிமே புதுப்பிக்கிற வேல இல்ல பெரிம்மா. வேல கெடச்சிட்டா உயிர்ப்பதிவேட்டுலேர்ந்து பேர எடுத்துருவாங்க" என்றாள்.

தைலம்மாள் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைகளில் அவள் நாற்காலியில் உட்கார்கிறவள் இல்லை.

"எப்போ எடுப்பாங்க?"

"சேந்துட்டாருன்னு அந்த ஆபீஸ்லேர்ந்து வேலவாய்ப்பு ஆபீஸுக்கு லெட்டர் வரணும். கெவுருமெண்டு லெட்டர்தான, மெதுவா வரும்."

மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வருடக்கணக்காக வேண்டிக்கொண்டவள், அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் கிடைத்தது தொலைந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வீட்டில் வீரமணி ஆணையை நான்காக மடிக்க மனம் வராமல் அட்டைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தெரியும்மா" என்றான். அழைப்புக் கடிதத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததாம். விண்ணப்ப விஷயத்தில் பொடி எழுத்தைப் படிக்காமல் அவன் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அவனோடு அவளும் மலை ஏறினாள். முனியன் வீட்டைப் பார்த்துக்கொண்டான். வெள்ளிமலையில் ஒரு ஒற்றை அறை பிடித்து, பகலில் மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போனாள். வீரமணி ஒன்பதரைக்கு ஆபீசைத் திறந்து, மேசை துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, கோப்புகளைக் கட்டினான். வாரத்துக்கு இரண்டு நாள் தபால் பையோடு பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒவ்வொரு ஆபீசாகக் கொடுத்து, தபால் நோட்டில் கையெழுத்து வாங்கி வந்தான். கண்காணிப்பாளர் தெய்வசிகாமணி, தலைமேல் நெருப்பு விழுந்தாலும் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிற ஆள். அவரே, பையன் தேவலை, நெழல் மாதிரி இருக்கான், சத்தமே இல்ல என்று பாராட்டினார். இரண்டு வேளையும் அம்மாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி சாப்பிட்டாள், ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். கை இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது, ஆனால் அவள் தினமும் அதைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். அப்படி முப்பத்தெட்டு நாள் போனது.

முப்பத்தொன்பதாம் நாள் தபால் பையில் போட வேண்டிய உறைகளில் ஒன்றின்மேல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது நான்கு வரி. மேற்படி நபர் பணியில் சேர்ந்துவிட்ட விபரம் தங்கள் தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும் அனுப்பலாகிறது. வீரமணி அதைப் பையின் அடியில் வைத்தான். அடுத்த நடையிலும் அடியில் வைத்தான். மற்ற உறைகளெல்லாம் போய்ச் சேர்ந்தன, அது மட்டும் மலைக்கும் கள்ளக்குறிச்சிக்குமாக மூன்று தபா போய்வந்தது. உறை வந்த பதினோராம் நாள் தெய்வசிகாமணி தபால் நோட்டைப் புரட்டி, ஒரு வரியில் மட்டும் கையெழுத்து இல்லாததைப் பார்த்துவிட்டார்.

"இன்னாய்யா இது? பத்து நாளா ஒரு கவர சுத்திக்கினு இருக்கிற? இது கெவுருமெண்டு ஆபீஸா, உன் மாமியார் வூடா? இன்னொரு தபா இப்பிடிப் பண்ண, மெமோ குடுத்துருவேன், பாத்துக்க."

வேலையில் இருக்கிறவன் என்று அவனை ஒருவர் திட்டியது அதுதான் முதல் தபா. அன்று சாயங்காலம் அதை அம்மாவிடம் சொல்லும்போது அவன் முகத்தில் அவமானமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. நாளைக்கு அவன் அந்த உறையைக் கொடுத்துவிடுவான் என்று தைலம்மாளுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவள் காட்டு வேலைக்குப் போகாமல் அவனோடு முதல் பஸ்ஸில் ஏறினாள். கொண்டைஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது ஜன்னலுக்கு வெளியே பள்ளம் கிடுகிடுவென்று கிடந்தது.

"அதத் தூக்கிப் பள்ளத்துல போட்டுர்ரா. யாரு வந்து பொறுக்கப்போறாங்க?"

"நோட்டுல நம்பர் ஏறியிருக்குதும்மா."

"நான் பெருசா, நம்பர் பெருசாடா உனுக்கு?"

அவன் தபால் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். பிறகு, "எம்மா, இத்தினி வருசம் எந்த வேலைக்குக் காத்துக்கினு இருந்தேன்? இந்த வேலையே இதான். லெட்டர எடுத்துக்கினு போயி சேக்கறது. அதையே பண்ணலன்னா நான் இன்னா வேல பாத்தேன்?" என்றான்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சட்டைத்துணியின் கனம்தான் இருந்தது. நேற்றைவிடக் கம்மி என்று அவளுக்குப் பட்டது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் படியில் அவள் உட்கார்ந்தாள். வீரமணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பையோடு உள்ளே போனான். வேலை தேடிப் போகிறவர்கள் கதவோரம் ஒதுங்கி நுழைவார்கள். அவன் நடுவாக நுழைந்தான். பத்து நிமிடம் ஆனது, அரைமணி ஆனது. உள்ளே எட்டிப்பார்த்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் உறையைப் பிரித்துக் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். தபால் நோட்டு மேசையோரத்தில் விரித்தபடி கிடந்தது, பை நாற்காலியில் தொங்கியது. "கையெழுத்து போட்டுக் குடுத்தனே, வாங்கலையா? இப்பதான இங்க நின்னுக்கினு இருந்தாரு" என்றாள் அந்தப் பெண். தைலம்மாள் நோட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் தனியாக மலை ஏறினாள். தெய்வசிகாமணி நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்த வரியில் கையெழுத்து இருந்தது, முத்திரையும் இருந்தது. சரியாக இருக்கிறது என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்து, எழுந்து நின்றார்.

பணிப்பதிவேட்டை முடித்துவைக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று ஆபீசிலிருந்து எழுதினார்கள். முதல் தபா செத்ததை யாரும் எங்கேயும் பதிந்திருக்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிகிற ஜன்னலில் தைலம்மாளும் முனியனும் வரிசையில் நின்றார்கள். செத்தது எந்தத் தேதி என்று எழுத்தர் கேட்டதற்குப் போன செவ்வாய்க்கிழமை என்றாள். திங்கட்கிழமை வரைக்கும் வருகைப் பதிவேட்டில் அவன் கையெழுத்து இருந்ததால் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அடக்கம் பண்ணியாச்சா என்று கேட்டார். அது எப்பவோ ஆச்சுங்க என்றான் முனியன். எழுத்தர் தலையாட்டிக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"இறந்தவர் இன்னா தொழில் பண்ணாரு? கூலியா?"

தைலம்மாள் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கெவுருமெண்டு வேலைங்க" என்றாள்.

எழுத்தர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வெயிலில் கறுத்த கழுத்தையும், காலில் காய்ந்திருந்த சேற்றையும் பார்த்தார். "தற்காலிகமா, நிரந்தரமா?" என்று கேட்டார்.

"நிரந்தரம்" என்றாள் தைலம்மாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.