குளம் குடித்த தண்ணீர்

வீடு பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். அதற்கு முன்பு ஃபிர்மன் தண்ணீர் கொண்டுவந்திருக்க வேண்டும். அவரைக் காணவில்லை.

எங்கள் நீச்சல்குளத்தில் எங்கோ கசிவு. தினமும் இரண்டு விரல் இறங்கும். இந்த வறட்சியில் குழாய்த் தண்ணீரைக் குளத்தில் விடக்கூடாது என்று அரசு உத்தரவு. அடுத்த பண்ணையிலிருக்கும் ஃபிர்மன்தான் தன் கிணற்று நீரை டிராக்டர் டேங்கரில் கொண்டுவந்து ஊற்றுவார். நேற்றும் அவர் வரவில்லை. குளத்து விளிம்பிலிருக்கும் நீலப் பட்டைக்குக் கீழே நாலு விரல் சுவர் வெளியே தெரிந்தது.

"கவலப்படாத, யாரு ஸ்கேல் வச்சு அளக்கப்போறா?" என்றார் என் கணவர் கிஸ்லேன். கை நடுக்கத்தில் காபி தட்டில் சிந்தியது. பார்க்கின்சன் நோய். மார்ச்சில் மாடிப்படியில் உருண்டு விழுந்தார். துல் நகரத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். இந்த மாதம் முடியும்வரைதான் அந்த வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். இது விற்றால்தான் அது.

போர்தோவிலிருந்து வந்த லூதோவிக்கும் எலோடியும் வயதில் சின்னவர்கள். எலோடி கல் படிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஐயோ, எவ்வளவு அழகா வளைஞ்சு போகுது! இதுக்காகவே வாங்கலாம் மேடம்."

கிஸ்லேன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

குளத்தருகே அவர்களை நிற்கவிடாமல் திராட்சைப் பந்தலுக்குக் கூட்டிப்போனேன். நான் போட்ட வால்நட் மதுவை ஊற்றிக்கொடுத்தேன். லூதோவிக் இரண்டாவது கோப்பையை நீட்டினான். அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது.

"சொலேன்! ராத்திரி பூரா பசு கன்னு போடாம படுத்திடுச்சு, அதான் லேட்டு. உன் குளத்துக்கு இன்னும் தாகம் அடங்கலயா?" ஃபிர்மன் வாயிலிலிருந்தே என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பிறகுதான் விருந்தாளிகளைப் பார்த்தார்.

எலோடி என் பக்கம் திரும்பினாள்.

"தோட்டத்துக்குத்தான் தண்ணி," என்றேன்.

ஃபிர்மன் நல்லவர். உடனே புரிந்துகொண்டார். "ஆமாமா, தோட்டத்துக்கு!" என்று குழாயைத் தக்காளிப் பாத்தியில் திறந்துவிட்டார். டேங்கர் நிறையத் தண்ணீர். செடிகள் சாய்ந்தன. சேறு வழிந்து எலோடியின் வெள்ளைச் செருப்புவரை வந்தது. அவர் நிறுத்தவே இல்லை.

கிஸ்லேன்தான் முதலில் சிரித்தார். "போதும்ப்பா ஃபிர்மன், தக்காளி நீச்சல் கத்துக்கிச்சு. அந்தக் குழாயக் குளத்துல போடு." பிறகு அவர்களிடம் திரும்பினார். "குளம் ஒழுகுது. எங்கன்னு தெரியல. எங்களுக்கு இத வித்தாகணும், அந்தப் படிய என்னால ஏற முடியல. அதான் இவ பொய் சொன்னா."

லூதோவிக் கோப்பையைக் கீழே வைத்தான். "எவ்வளவு நாளா?"

"ஜூன்லேர்ந்து," என்றேன்.

"விளம்பரத்துல சொல்லலயே மேடம்."

"சொல்லல."

அவர்கள் காருக்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் பேசினார்கள். எலோடி மட்டும் திரும்பி வந்தாள். "குளம் சரிபண்ற ஆள் ஒருத்தர அனுப்புறோம். அவர் பாத்துட்டுச் சொன்னப்பறம் போன் பண்றோம். இப்போ எதுவும் சொல்ல முடியாது, மன்னிச்சிருங்க."

கார் போனதும் கிஸ்லேன் உள்ளே போய் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். "கொஞ்சம் படுக்கறேன்." முதல் படியிலேயே கால் நடுங்கியது.

கீழே சாப்பாட்டு அறையில் கட்டில் போடலாம் என்று அவர் ஏப்ரலிலேயே கேட்டார். வாங்க வருகிறவர்கள் விளம்பரப் படத்தில் இருக்கும் அந்த நீள மேசையைப் பார்க்க வேண்டும் என்று நான் மறுத்துவிட்டேன்.

"இறங்குங்க," என்றேன்.

எங்கள் மெத்தை படிக்கட்டின் அந்த வளைவில் திரும்பவில்லை. மாடி ஜன்னல் வழியாகத் தள்ளினேன். கீழே ஃபிர்மன் கைகளை விரித்து நின்றார்.

"என் தலையிலயா போடப்போற? போடு, போடு, ஏற்கெனவே ஒண்ணும் இல்ல அதுல!"

மேசையைச் சுவரோரம் நகர்த்தினோம். அதன்மேல் அழகுக்கு வைத்திருந்த பீங்கான் தட்டுகளை ஒரு பெட்டியில் போட்டேன். கிஸ்லேன் மெத்தையில் படுத்து, செருப்பைக் கழற்றாமலே தூங்கிப்போனார். மணி அடித்து அவர் விழித்துவிடக்கூடாது என்று தொலைபேசியைச் சமையலறைக்கு எடுத்துப்போய் அதன் எதிரே உட்கார்ந்தேன்.