மைக்ரோவேவுக்கு முன்னால் ஒரு பிரசங்கி

நான் 'நானாய்', அதாவது அம்மா, என்று கூப்பிடும் என் மாமியார் பாஸிங் எதையும் தூக்கிப் போட மாட்டார். ஐஸ்கிரீம் டப்பா, வெண்ணெய் டப்பா, பிஸ்கட் டப்பா, தெருமுனைக் கடையில் நூடுல்ஸ் கட்டிக் கொடுத்த கறுப்பு டப்பா, எல்லாமே கழுவிக் காயவைக்கப்பட்டுச் சமையலறையின் மேல் அலமாரிக்குள் போய்விடும். பாசிக் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி ஐஸ்கிரீம் ஆசையில் ஃப்ரீஸரைத் திறந்தால், டப்பாவுக்குள்ளிருந்து உறைந்த மீன்தான் விழித்துப் பார்க்கும். என் மதியச் சாப்பாடும் கல்யாணமான நாளிலிருந்து அந்த டப்பாக்களில்தான் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சரிபார்ப்பவன். காரில் கீறல் என்றால், அது நேற்று விழுந்ததா, போன வருஷமே விழுந்ததா என்று சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊரிலுள்ள எல்லார் மேலும் சந்தேகப்பட்ட நான், சோற்று டப்பாவை மட்டும் முழுசாக நம்பியிருந்தேன்.

அன்று கல்தெரேத்தா. மாட்டுக்கறியும் தக்காளியும் போட்டு, மேலே எண்ணெய் மிதக்க மிதக்க நானாய் செய்வது. வெண்ணெய் டப்பாவில் இருந்தது. ஆபீஸ் சாப்பாட்டு அறையின் மைக்ரோவேவில் வைத்து, திருகியைக் கொஞ்சம் தாராளமாகவே திருகிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எடுத்து, உட்கார்ந்து, பாதி சாப்பிட்ட பின்தான் டப்பாவைக் கவனித்தேன். ஒரு பக்கம் கொப்பளித்துச் சுருங்கியிருந்தது. எண்ணெய் நின்ற மட்டத்தில் சுற்றிலும் வெள்ளையாக உரிந்திருந்தது. உரிந்தது எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். வாயிலிருந்த கறியை மெல்லுவதா துப்புவதா என்று தெரியவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஆத்தே லூடி, கணக்குப் பிரிவின் மூத்தவர், எங்கள் மாடிக்கே 'ஆத்தே', அதாவது அக்கா, என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஆர்சென், சோத்துல முடி கெடக்கா?"

"டப்பா உருகியிருக்கு ஆத்தே."

"உருகினா என்ன, ருசி குறைஞ்சா போச்சு?"

மதியம் முழுக்க வேலை பார்க்காமல் படித்தேன். சூடு பட்டால் சில வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனங்கள் சாப்பாட்டில் இறங்கலாம், எண்ணெய்ப் பதார்த்தமாக இருந்தால் இன்னும் கூடுதலாக இறங்கலாம், அவற்றில் சில உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடும், எவ்வளவு இறங்கினால் எவ்வளவு கெடுதல் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நிதானமாக எழுதுகிறவர்கள் இவ்வளவுதான் சொன்னார்கள். எனக்கு நிதானம் போதவில்லை. சித்தப்பா குடும்பக் குழுவில் அனுப்பும் வீடியோக்களுக்குப் போனேன். அங்கே கொட்டிக் கிடந்தது. களைப்பு, மறதி, தொப்பை, முடி கொட்டுதல், சாப்பிட்டதும் தூக்கம் என்று அவர்கள் சொன்ன அறிகுறி ஒவ்வொன்றும் என்னிடம் இருந்தது. நாற்பத்தாறு வயதில் நாட்டில் பாதி ஆண்களிடம் அவை இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை நானாய் மாலை ஜெபத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்தார். நான் நாற்காலி போட்டு ஏறி அலமாரியைக் காலி செய்தேன். முதலில் ஒவ்வொரு டப்பாவையும் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண் என்ன என்று பார்த்தேன். எண்ணைப் பார்த்தால் ஏதோ புரியும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லா எண்ணும் ஒன்றுபோலக் குற்றவாளியாகத் தெரிந்தது. மொத்தத்தையும் சாக்கில் அள்ளினேன்.

என் மனைவி மைலா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா வர்றதுக்குள்ள எல்லாத்தையும் இருந்த எடத்துல வெச்சிரு."

"மைலா, இது நம்ம உயிர் விஷயம்."

"உன் உயிர் விஷயம்தான். அம்மா வரட்டும், தெரியும்."

பழைய சாமான் வண்டிக்காரரிடம் சாக்கைக் கொடுத்துவிட்டு, ஏதோ நாட்டைக் காப்பாற்றியவன்போல உட்கார்ந்திருந்தேன்.

நானாய் வந்தார். காப்பி போட எழுந்தவர் சர்க்கரைக்காக மேல் அலமாரியைத் திறந்தார். எப்போதும் அந்தக் கதவைத் திறந்தால் இரண்டு மூடியாவது தலையில் விழும். அன்று ஒன்றும் விழவில்லை. அவர் திரும்பாமலே கேட்டார்.

"எங்க?"

"நானாய், எல்லாம் நம்ம உடம்பு நல்லதுக்குத்தான்..."

"எங்கன்னு கேட்டேன்."

"பழைய சாமான்காரருக்கு..."

"நீல மூடி போட்டதுமா?"

"அதுவும்தான்."

"அது நம்ம வீட்டுதே இல்ல! பக்கத்து வீட்டு நேனாவோடது. அடோபோ கறி வெச்சுக் குடுத்தனுப்பினா. வெறும் டப்பாவா திருப்பித் தரக்கூடாதேன்னு நான் ஞாயித்துக்கிழம பண்டம் செய்யக் காத்துக்கிட்டிருந்தேன். இப்ப அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? மருமகன் வித்துட்டான்னு சொல்லவா?"

"புதுசா கண்ணாடிப் பாத்திரம் வாங்கித் தரேன் நானாய்."

"கண்ணாடி வேணுமா உனக்கு? சரி."

அந்தச் 'சரி'யை நான் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். நான் கார் கீறலைப் படிக்கத் தெரிந்தவன், மாமியாரின் குரலைப் படிக்கத் தெரியாதவன்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் எங்கள் கல்யாணப் பரிசாக வந்த கண்ணாடிப் பாத்திரம் உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் இறங்குவது. பூப்போட்ட மூடி, இரண்டு பக்கமும் பிடி. ஒரு குடும்பமே அதில் சாப்பிடலாம். அது நிறையப் பன்றிக்கறியும் சோறும் வைத்து, துண்டால் கட்டியிருந்தார் நானாய்.

"கண்ணாடிதான கேட்ட?" என்றார். "ஒடைச்சிராத."

மறுக்க என் வீம்பு விடவில்லை. குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். வாசலில் பைகளைக் குச்சியால் கிளறும் காவலாளி துண்டை விலக்கிப் பார்த்தார்.

"உள்ள என்ன சார்?"

"மதியச் சாப்பாடு."

"எத்தன பேருக்கு?"

பின்னால் வரிசை சிரித்தது. ரயிலில் கை பிடிக்க வழியில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் நான் பக்கத்திலிருப்பவர் மேல் சாய, குழம்பு என் கால்சட்டை மேல் சாய்ந்தது. ஒரு பெண் காகிதத் துண்டு நீட்டி, "விருந்துக்கா போறீங்க?" என்று அன்போடு கேட்டாள். ஆமாம் என்றேன்.

அத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும். எனக்குக் கர்வம்தான் வந்தது. இவ்வளவு பாடுபடுகிறவன் சொல்வதை மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. மைக்ரோவேவ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: 'பிளாஸ்டிக்கைச் சூடாக்காதீர்! உங்கள் சந்ததியை நினையுங்கள்!' என் பாத்திரமோ உள்ளே சுழல முடியாமல் சுவரில் டக் டக்கென்று இடிக்கும். சூடாகவும் யுகம் பிடிக்கும். இரண்டாம் நாள் என் தாளுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'முதலில் வரிசையில் நிற்கிறவர்களை நினையுங்கள்.'

ஆத்தே லூடி தன் டப்பாவோடு வந்து என் முன் தலைகுனிந்து நிற்பார்.

"ஃபாதர் ஆர்சென், ஆசீர்வாதம் பண்ணுங்க. பாவம் செய்யப் போறேன்."

"சிரிங்க ஆத்தே. ஹார்மோன் கெட்டா தெரியும்."

"எனக்கு அம்பத்தெட்டு. இனிமே எந்த ஹார்மோன் வந்து என்ன பண்ணப் போகுது?"

அறையே அதிரச் சிரித்தது. நான் விடவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவரைப் பிடித்து நிறுத்தி, அவர் டப்பாவைக் கவிழ்க்கச் சொல்லி முக்கோணத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பாவம், சோறு உள்ளே இருந்தது. திடீரென்று காதுக்குள் இரைச்சல் கேட்டது. முக்கோணம் இரண்டாகி, நாலாகி, மேசை என்னை நோக்கி வந்தது.

கண் திறந்தபோது கீழ்மாடிக் கிளினிக்கில் படுத்திருந்தேன். பக்கத்தில் ஆத்தே லூடி, முகத்தில் சிரிப்பே இல்லாமல், என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் அம்மா என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார். முகம் சுளித்து மறு கையிலும் அழுத்திப் பார்த்தார்.

"டாக்டர்," என்றேன் பலவீனமாக, "ஹார்மோன் டெஸ்ட் எழுதுங்க. பிளாஸ்டிக் ரத்தத்துல ஏறிடுச்சு."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"கருவாடு. பூண்டுச் சோறு. முட்டை."

"மதியம்?"

"பன்றிக்கறி, மொறுமொறுன்னு பொரிச்சது. ஆனா கண்ணாடிப் பாத்திரத்துல."

"சாயங்காலம்?"

நான் கூரையைப் பார்த்தேன். ஆத்தே லூடி எனக்காகப் பதில் சொன்னார்.

"தினமும் ஒரு கப் நூடுல்ஸ் டாக்டர். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி மூடி வெப்பாரு. அந்த உப்புத் தண்ணியை ஒரு சொட்டு விடமாட்டாரு."

"அந்தக் கப்பு எதுல செஞ்சது?" என்று டாக்டர் கேட்டார்.

நான் ஊரார் டப்பாவையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தவன். அதை மட்டும் கவிழ்த்ததே இல்லை. உள்ளே சாறு இருக்குமே! இதை நான் வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன். ஆத்தே லூடி என் செருப்பாலேயே வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சூடு பண்றதுக்குக் கண்ணாடி, பீங்கான் நல்ல பழக்கம்தான். அதை விட்டுறாதீங்க. ஆனா உங்க ரத்தக் கொதிப்பு இன்னைக்கு நிக்குற உயரத்துக்கு டப்பா மேல பழி போட என்னால முடியாது. பாத்திரத்தைப் பார்த்தது போதும். உள்ள என்ன இருக்குன்னு பாருங்க." மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். நடக்கச் சொன்னார்.

வீட்டில் மைலாவிடம் மெல்லச் சொன்னேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நானாய் பழிவாங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று தலையைத் தொங்கப் போட்டிருந்தேன்.

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பார்ப்பதுபோல.

"மைலாவோட அப்பாவும் இப்படித்தான்," என்றார். "தல சுத்துதுன்னு உக்காந்தாரு. வெயில்ல போயிட்டு வந்ததுன்னு நெனச்சு எலுமிச்சத் தண்ணி கரைக்கப் போனேன். வந்து பாத்தா வாய் கோணியிருந்துச்சு."

மைலா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் ஒவ்வொரு நாளும் சோறு கட்டிக் கொடுத்தது எவ்வளவு பயந்த கையால் என்று அன்றுதான் தெரிந்தது.

"நீ உருகின டப்பாவ என்கிட்ட காட்டியிருந்தா நானே தூக்கி எறிஞ்சிருப்பேன்," என்றார். "திருடன் மாதிரி அள்ளிட்டுப் போனியே, அதான் எரிச்சல். போகட்டும் போ. மாத்திரய முழுங்கு."

சனிக்கிழமை இருவரும் ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்கள் விற்கும் கடைக்குப் போனோம். நானாய் ஒவ்வொரு பீங்கான் கிண்ணத்தையும் விரலால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, விரிசலிருந்தால் கடைக்காரனையே குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இழப்பீட்டுப் பிரிவில் இவரைத்தான் உட்கார வைத்திருக்க வேண்டும். கையடக்கமாக, மூடியோடு நாலு கிண்ணம் தேறியது. நேனாவுக்கு ஒரு புது டப்பாவும் வாங்கினோம். அதில் பண்டம் நிரப்பி என் கையிலேயே கொடுத்தனுப்பினார். "என்னய்யா, எங்க வீட்டு டப்பாவ வித்துட்டியாமே?" என்று நேனா வாசலிலேயே தெருவுக்குக் கேட்கும்படி வரவேற்றாள்.

மைக்ரோவேவ் கதவிலிருந்த தாளை நானே கிழித்தேன். அதற்குப் பிறகுதான், ஆத்தே லூடி தன் சாப்பாட்டைத் தட்டுக்கு மாற்றிச் சூடாக்குவதைப் பார்த்தேன். என் பார்வையைக் கண்டதும் அவர் முறைத்தார்.

"உன் பேச்சக் கேட்டுன்னு நெனச்சுக்காத. டப்பாவுல கறை போக மாட்டேங்குது."

"நான் ஒண்ணுமே சொல்லலையே ஆத்தே."

"சொல்லவும் வேணாம்."

வீட்டில் இப்போது உப்பு எங்கே இருக்கிறது என்று நானாய்க்கு மட்டும்தான் தெரியும். உப்புக் கரிக்கும் மீன் சாற்றுப் புட்டியைக் கண்ணிலேயே காணோம். நேற்று என் கிண்ணத்தில் சினிகாங் என்ற புளிச்சாறு ஆபீசுக்கு வந்தது. புளிப்பு இருந்தது, கீரை இருந்தது, மீன் இருந்தது. ஆத்தே லூடி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆர்சென், உன் மாமியார் உன்ன மன்னிச்சுட்டாங்கன்னு சொன்னியே, நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை இழுத்து வைத்துக் குடித்தேன்.